மயில் ஊரும் காட்டுக்கோழி ஊரும்: இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழகுவது எப்படி

நான் பிறந்தது மயில் ஊரில், வாழ்க்கைப்பட்டது காட்டுக்கோழி ஊரில். அம்மா வீடு திண்டுக்கல் மாவட்டத்தில் சாணார்பட்டிப் பக்கம். கடலைக்காடு, மாந்தோப்பு, வரப்போரம் சீமைக்கருவேலம். விடிந்து கதவைத் திறந்தால் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மயில் உட்கார்ந்திருக்கும். மாமனார் வீடு சிறுமலையில், 18 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டும். காப்பிச் செடி, மிளகுக் கொடி, வாழை, அதற்கு மேலே காடு.

கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் வாரம், விடியற்காலையில் காப்பித் தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவியது. கூவல் பாதியில் அறுந்த மாதிரி இருந்தது. யார் வீட்டுச் சேவல் இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று மாமாவிடம் கேட்டேன். "அது யார் வீட்டுச் சேவலும் இல்லம்மா, காட்டுச் சேவல்" என்றார். நம் மலைகளில் இருக்கும் சாம்பல் காட்டுக்கோழியின் ஆண்தான் அது. தினமும் சத்தம் கேட்டேன். கண்ணால் பார்க்க 19 நாள் ஆனது. பிறந்த ஊரில் பறவை என்னைத் தேடி வந்தது. இங்கே நான் பறவையைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இந்த வித்தியாசம் பிடிபட்ட நாளிலிருந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே வருகிறேன்.

போன கோடை விடுமுறையில் அண்ணன் மகள் மலைக்கு வந்திருந்தாள். ஏழாம் வகுப்பு முடித்தவள். "அத்தை, மயிலும் காட்டுக்கோழியும் சொந்தமா?" என்று கேட்டாள். சொந்தம்தான். ஃபேசியானிடே என்கிற ஒரே குடும்பம். காடை, கௌதாரி, இமயமலைப் பக்கத்து வண்ணக்கோழிகள் எல்லாம் அந்தக் குடும்பத்தில்தான் வரும். ஆனால் உடன்பிறப்பு அளவுக்கு நெருக்கம் கிடையாது. மரபணுக் கணக்கின்படி காட்டுக்கோழிக்கு மயிலைவிடக் கௌதாரி கிட்டத்து உறவு. அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் பத்து நாள், ஐந்து நாள் மேலே, ஐந்து நாள் கீழே என்று இரண்டு பேரும் திரிந்தோம். அந்தப் பத்து நாளில் அவளுக்கு எந்த வரிசையில் சொல்லிக் கொடுத்தேனோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊர் வேறாக இருக்கலாம். ஆனைமலை அடிவாரமோ, சத்தியமங்கலமோ, முதுமலையோ, வழி இதேதான்.

எங்கே நிற்பது

மயிலுக்கு மூன்று வேண்டும். நடந்து மேய வெட்டவெளி, ராத்திரி அடைய உயர்ந்த மரம், பக்கத்தில் தண்ணீர். இந்த மூன்றும் சேர்கிற இடம் நம் சமவெளி ஊர்களில் நிறைய. ஓடைக்கரைப் புளியமரம், கோயில் ஆலமரம், கண்மாய்க்கரை. ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் அங்கே போய்ச் சற்றுத் தள்ளி உட்காருங்கள். ஒவ்வொன்றாக வந்து, அண்ணாந்து பார்த்து, ஒரே எம்பலில் கீழ்க்கிளைக்கு ஏறி, அங்கிருந்து கிளை கிளையாக மேலே போகும். காலையில் ஆறு மணி வாக்கில் அதே மரத்திலிருந்து இறங்கும். இந்த இரண்டு நேரமும் எண்ணுவதற்கு நல்லது. பகலில் எண்ணினால் ஒரே மயிலை மூன்று வரப்பில் மூன்று தடவை எண்ணிவிடுவோம்.

காட்டுக்கோழிக்கு வேண்டியது வேறு. கிளறுவதற்குச் சருகு, ஒளிவதற்குப் புதர், எட்டிப் பார்க்க ஓரம். நட்டநடுக் காட்டைவிடக் காட்டின் விளிம்பில்தான் அது அதிகம் கண்ணில் படும். காட்டுப் பாதை, காப்பித் தோட்ட எல்லை, மூங்கில் புதர், உண்ணிச்செடி மண்டிய சரிவு. விடியும்போது புதரெல்லாம் பனியில் நனைந்திருப்பதால் ஓரத்துக்கு வந்து நிற்கும். பாதை வளைகிற இடத்தில், வளைவுக்கு இந்தப் பக்கமாக, மரத்தை ஒட்டி நில்லுங்கள். பேச்சு கூடாது, போனைச் சத்தமில்லாமல் வையுங்கள். வெளிர்நிறச் சட்டை வேண்டாம். என் அனுபவத்தில், பஸ் வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டு மறுபடி ரோட்டுக்கு வரும். மனுஷன் நிற்பதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் மலையில் காட்டுமாடு உண்டு. வெளிச்சம் வருமுன் தனியாக ஒற்றையடிப் பாதையில் இறங்காதீர்கள். வனத்துறை எல்லைக்குள் அனுமதி இல்லாமல் போகவும் வேண்டாம். ரோட்டோரத்திலும் சொந்தப் பட்டா நிலத்திலும் நின்றே நான் இத்தனையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் காது

தூரக்கண்ணாடி, கேமரா எதுவும் இல்லாமல் இரண்டு நாள் வெறும் காதை மட்டும் வைத்து உட்காரச் சொன்னேன். பிள்ளை முணுமுணுத்தாள், ஆனால் உட்கார்ந்தாள்.

மயில் அகவுவது எல்லோருக்கும் தெரியும். மேலே எழும்பி இழுபடும் ஒரு கூக்குரல், பூனை கத்துவதைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் எப்படியோ அப்படி. ஒன்று ஆரம்பித்தால் அடுத்த மரத்தில் இருப்பது பதில் சொல்லும், அதற்கடுத்தது தொடரும். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சத்தம் ஓடும். இது தவிர, எதையாவது கண்டு மிரண்டால் வேறு ஒரு சத்தம் உண்டு. குட்டையாக, அடுக்கடுக்காக, கொம்பு ஊதின மாதிரி. நாய் வந்தாலும் பாம்பு வந்தாலும் அம்மா வீட்டில் முதலில் தெரிவது அதில்தான்.

காட்டுச் சேவலின் கூவல் நம் வீட்டுச் சேவலுக்குப் பங்காளி. ஆனால் "கொக்கரக்கோ" என்பதில் கடைசி "கோ" நீளமாக இழுபடும் இல்லையா, அந்த இழுவை இதில் கிடையாது. "குக், காயக், கியுக், கியுக்" என்று வெட்டி வெட்டி விழும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும் இன்னொன்று கேட்கும். கூவி முடித்த பின், தொண்டைக்குள்ளேயே, "க்யுகுன், க்யுகுன்" என்று மெதுவாக ஒரு முனகல். அது கேட்டுவிட்டால் அசையாதீர்கள், சேவல் அருகில் நிற்கிறது. அண்ணன் மகளுக்கு அது மூன்றாம் நாள் கேட்டது. என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள், வாயைத் திறக்கவில்லை. நல்ல பார்வையாளி ஆகிவிட்டாள் என்று அப்போதே தெரிந்தது.

வட இந்தியாவிலும் வடகிழக்கிலும் இருக்கும் செங்காட்டுக்கோழி நம் வீட்டுச் சேவல் மாதிரியே கூவுமுன் சிறகைப் படபடவென்று அடித்துக்கொள்ளும். நம் சாம்பல் காட்டுச் சேவல் அப்படிச் செய்யாது, நின்ற வாக்கில் கழுத்தை நீட்டிக் கூவிவிடும். பார்க்கக் கிடைத்தால் இதைக் கவனியுங்கள்.

தயவுசெய்து போனில் பதிவு செய்த கூவலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள். முட்டையிடும் காலத்தில் தன் எல்லைக்குள் வேறு சேவல் வந்துவிட்டது என்று நினைத்து அது அலைக்கழியும். ஒரு படம் எடுப்பதற்காக அதற்கு அந்தக் கஷ்டத்தைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பெட்டைகளிலிருந்து ஆரம்பியுங்கள்

சேவலை வைத்து ஒப்பிட ஆரம்பித்தால் ஒன்று அழகு, இன்னொன்று அதைவிட அழகு என்று சொல்லி முடித்துவிடுவோம். பெட்டைகளைப் பக்கத்தில் வையுங்கள். அப்போதுதான் இரண்டு நிலமும் இரண்டு உடம்பில் எழுதியிருப்பது தெரியும்.

பெண் மயில் அலகிலிருந்து வால்வரை ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எடை ஏறத்தாழ மூன்று, நான்கு கிலோ. உயரமான கால், நீண்ட கழுத்து, கழுத்தின் கீழ்ப்பகுதியில் பச்சை மினுமினுப்பு, தலையில் விசிறிபோல் கொண்டை. நின்றால் வரப்புக்கு மேலே தலை தெரியும். வெட்டவெளியில் வாழ்கிற பறவைக்குத் தூரத்திலிருந்தே நாயையும் மனுஷனையும் பார்த்தாக வேண்டும், அந்தக் கழுத்து அதற்குத்தான்.

காட்டுக்கோழிப் பெட்டை 38 சென்டிமீட்டர்தான், எடை முக்கால் கிலோ அளவு. வீட்டு நாட்டுக்கோழியைவிடச் சிறிது. முதுகு மண் நிறம். வயிற்றைப் பாருங்கள்: வெள்ளை வெள்ளையாக இறகு, ஒவ்வொன்றுக்கும் கறுப்பு விளிம்பு, மீன் செதில் அடுக்கினது போல. செங்காட்டுக்கோழிப் பெட்டைக்கு இந்தச் செதில் வயிறு கிடையாது. சருகின் மேல் உட்கார்ந்து அசையாமல் இருந்தால் இலைக்கு நடுவே விழுகிற வெயில் புள்ளி எது, இறகு எது என்று சொல்ல முடியாது. ஒரு தடவை காப்பிப் பழம் எடுக்கப் போனபோது என் காலிலிருந்து இரண்டு முழம் தள்ளி ஒன்று உட்கார்ந்திருந்தது. அது கண் சிமிட்டியதால்தான் தெரிந்தது. சுற்றிலும் சருகு, நடுவில் வட்டமாக ஒரு கண். நான் பின்னால் வைத்த காலை அப்படியே வைத்துத் திரும்பி வேறு வரிசைக்குப் போய்விட்டேன். ஒரு வாரம் அந்தப் பக்கம் யாரையும் போகவிடவில்லை. அப்புறம் போய்ப் பார்த்தால் செடியடியில் லேசான பள்ளம், சருகு, வெளிறிய முட்டை ஓடுகள். கூடு என்று வேறு எதுவும் கட்டுவதில்லை. மயிலும் அப்படித்தான், தரையில் ஒரு குழி போதும்.

காலைப் பாருங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். காட்டுக்கோழிப் பெட்டையின் கால் மஞ்சள், முள் கிடையாது. சேவலுக்குச் சிவந்த கால், கூரான முள். எங்கள் அத்தை வளர்க்கும் நாட்டுக்கோழிகளுக்கும் மஞ்சள் கால் உண்டு. அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது தெரியுமா? உலகத்து வீட்டுக்கோழிக்கு மூதாதை செங்காட்டுக்கோழிதான். ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு நம் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து கலந்தது என்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று செய்த ஆய்வு 2008இல் காட்டியது. தென்னிந்தியக் காட்டு விளிம்பில் எப்போதோ ஊர்க்கோழியோடு சேர்ந்த ஒரு காட்டுக்கோழியின் நிறம், இன்றைக்கு உலகம் முழுக்கப் பண்ணைகளில் நடமாடுகிறது. இதை அத்தையிடம் சொன்னபோது கோழியைத் தூக்கிக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சேவல்கள்: தோகையும் கழுத்தும்

இனி சேவலுக்கு வரலாம். அளவு முதலில். தோகையோடு ஆண் மயில் இரண்டு மீட்டர் நீளம், எடை நான்கிலிருந்து ஆறு கிலோ. காட்டுச் சேவல் வாலோடு சேர்த்து 70, 75 சென்டிமீட்டர், எடை ஒரு கிலோவுக்கு முன்னே பின்னே. தராசில் ஒரு பக்கம் ஒரு மயிலை வைத்தால் மறுபக்கம் நாலைந்து காட்டுச் சேவலாவது வேண்டும்.

மயிலின் தோகையை வால் என்று நினைப்பது எல்லோரும் செய்கிற தவறு. வாலுக்கு மேலே முதுகின் கடைசியில் வளர்கிற 150க்கு மேற்பட்ட நீண்ட இறகுகள்தான் தோகை. உண்மையான வால் அதற்கு அடியில் இருக்கிறது. 20 இறகு, குட்டை, பழுப்பு நிறம். மயில் ஆடும்போது எல்லோரும் முன்பக்கம் நிற்பார்கள். நீங்கள் பின்பக்கம் போய் நில்லுங்கள். அந்தப் பழுப்பு வால் விறைத்து நின்று, முட்டுக் கொடுத்த மாதிரி, தோகை முழுவதையும் தாங்கிப் பிடித்திருப்பது தெரியும். அண்ணன் மகள் அதைப் பார்த்த பிறகு முன்பக்கம் போகவே மறந்துவிட்டாள்.

இன்னொரு சோதனை வீட்டிலேயே செய்யலாம். தானாக உதிர்ந்த தோகை இறகு ஒன்றை ஜன்னலுக்கு முன்னால், வெளிச்சம் இறகுக்குப் பின்னாலிருந்து வருகிறபடி பிடியுங்கள். நீலமும் பச்சையும் போய்ப் பழுப்பாகத் தெரியும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று பிடித்தால் நிறம் திரும்பி வரும். அந்த நீலம் சாயம் இல்லை. இறகுக்குள் அடுக்கியிருக்கிற மிக நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருகிற நிறம்.

காட்டுச் சேவலின் சிறப்பு கழுத்தில். தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் உடம்பு, கறுத்து மினுங்கும் அரிவாள் வால், சிவந்த கொண்டை, தோளில் ஆரஞ்சுப் பொன், கழுத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ தூவினது போல. அந்தப் புள்ளியைக் கிட்டத்தில் பார்க்க எனக்கு ஒரே ஒரு தடவை வாய்த்தது. வேலிக் கம்பியில் ஒரு கழுத்து இறகு சிக்கியிருந்தது. என் சுண்டுவிரலைவிடச் சற்று நீளம். கறுப்பு இறகின் நடுவே ஒரு வெண்புள்ளி, நுனிக்கு அருகே மஞ்சள் புள்ளி. விரலால் தடவினேன். அந்த இடம் மட்டும் இறகு மாதிரி இல்லை. வழுவழுவென்று, கெட்டியாக, உருகின மெழுகு சொட்டு விழுந்து உறைந்த மாதிரி, நகத்தால் தட்டினால் டிக் என்று சத்தம் வந்தது. இறகின் தண்டே அந்த இடத்தில் தட்டையாக விரிந்து தகடாகியிருக்கிறது. வேறு எந்தக் காட்டுக்கோழி இனத்துக்கும் இந்தத் தகடு கிடையாது.

இந்த இறகுதான் அந்தப் பறவைக்கு எமனாகவும் இருந்தது. இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் சால்மன் மீன் பிடிக்கத் தூண்டில் முள்ளில் கட்டுகிற பொய்ப்பூச்சிக்குக் கண் வைக்க இந்தக் கழுத்து இறகைத்தான் தேடி வாங்கினார்கள். அதற்காக ஏராளமான சேவல்கள் பொறியில் விழுந்தன. பிறகு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. நான் அந்த இறகைப் பார்த்துவிட்டு அதே வேலியடியில் சருகுக்குள் வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்தால் பார்க்கிற ஒவ்வொருவரும் எனக்கும் ஒன்று என்று கேட்பார்கள்.

நான் தவறிய இடம்

ஒரு தைப் பொங்கலில், பறவைகள் கணக்கெடுப்புக்காக அம்மா வீட்டுப் புளியமரத்தில் எண்ணினேன். தோகை உள்ளது 2, பெண் மயில் 9 என்று எழுதி அனுப்பியும் விட்டேன். மறுநாள் காலை நாய் குரைத்ததில் எல்லாம் ஒன்றாக எழும்பின. "பெண்" என்று நான் எழுதியதில் மூன்றின் சிறகு விரிந்தபோது ஓரம் செங்கல் நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. அவை இளம் சேவல்கள். முதல் வருடத்துச் சேவல் பார்க்கப் பெண் மாதிரியே இருக்கும், ஆனால் பறக்கும் சிறகிறகு செம்பழுப்பு. பெண்ணுக்கு அது வெறும் பழுப்பு. இரண்டு வயதுக்கு மேல்தான் தோகை வளரத் தொடங்கும், முழுத் தோகைக்கு நான்கு வயது ஆகும். கணக்கைத் திருத்தி அனுப்பினேன். அதற்கு முன் எத்தனை வருடம் தப்பாக எண்ணியிருப்பேன் என்று அன்று முழுக்க மனசு உறுத்தியது. நீங்கள் எண்ணும்போது, சிறகு பார்க்காத வரை "தோகை இல்லாதது" என்று மட்டும் எழுதுங்கள். "பெண்" என்று எழுத அவசரப்பட வேண்டாம்.

மலையில் மயங்க வைப்பது வேறு. செம்போத்து, அதாவது செண்பகம், செம்பழுப்புச் சிறகோடு புதருக்குள் புகுவதைப் பார்த்துக் காட்டுக்கோழி என்பார்கள். அது குயில் இனம், இந்தக் குடும்பமே இல்லை. சுள்ளக்கோழி உண்மையிலேயே சொந்தம். உடம்பு செம்பழுப்பு, கண்ணைச் சுற்றிச் சிவந்த தோல், கால் சிவப்பு. பெட்டைக் காட்டுக்கோழி அளவுதான் இருக்கும். கால் மஞ்சளா சிவப்பா, வயிற்றில் செதில் உண்டா என்று பார்த்தால் குழப்பம் தீரும். மூன்றாவது, ஊர்க்கோழி காட்டோரம் மேய்வது. ஆளைக் கண்டால் அது நின்று பார்க்கும், காட்டுக்கோழி நிற்காது. பெயரைக் கேட்டு ஏமாறுவதும் உண்டு. கானமயில் என்பது மயில் இல்லை, புல்வெளிகளில் வாழும் வேறு ஒரு பெரிய பறவை.

எந்த மாதம் எதைப் பார்ப்பது

மாசி முதல் வைகாசி வரை இரண்டுக்கும் நல்லது. காட்டுக்கோழி அதிகம் முட்டையிடுவது பிப்ரவரியிலிருந்து மே வரை, சேவல் முழு நிறத்தில் இருக்கும், கூவல் ஓயாது. மயில் தென்னாட்டில் சித்திரை, வைகாசியில் நன்றாக ஆடும். மழைமேகம் கண்டு ஆடுகிறது என்று சொல்கிறோம், மழையை ஒட்டித்தான் அதன் குஞ்சுக் காலம் அமைகிறது. எங்கள் மலையில் வானம் தெளிந்த நாளில் மேற்கே பழனி மலைத்தொடர் தெரியும். குளிரில் நடுங்கிய மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்தானே பேகன், அவன் மலை அது. அது குளிரில் நடுங்கவில்லை, ஆடியிருக்கும் என்று அண்ணன் மகள் சொல்கிறாள். எனக்கென்னவோ அவன் கொடுத்ததுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஜூன் தாண்டினால் காட்டுச் சேவல் கழுத்து இறகை உதிர்த்துவிட்டு மங்கிப்போய் இருக்கும். செப்டம்பர் வரை அப்படித்தான். அந்தச் சமயம் பார்க்கிறவர்கள் இது வேறு ஏதோ பறவை என்று எழுதிவிடுவார்கள். மயில் ஆவணிவாக்கில் தோகையை உதிர்க்கும், தை, மாசிக்குள் மறுபடி வளர்ந்துவிடும். உதிர்ந்த காலத்தில் ஆண் மயிலைக் கண்டுபிடிக்க நீலக் கழுத்து இருக்கிறது.

அடை காப்பது இரண்டிலும் பெட்டை மட்டும். காட்டுக்கோழிக்கு வீட்டுக்கோழி மாதிரியே மூன்று வாரம், மயிலுக்கு நான்கு வாரம். குஞ்சுகள் பொரித்த கையோடு தாயோடு நடந்துவிடும். குஞ்சோடு பார்த்தால் நெருங்காமல் விலகிப் போய்விடுங்கள்.

தின்பதும் தடமும்

பறவையைப் பார்க்காத நாளிலும் தரையைப் படிக்கலாம். காட்டுக்கோழி சருகை இரண்டு காலாலும் மாற்றி மாற்றிப் பின்னால் வீசும். காலையில் போனால் பாதையோரம் தட்டு அகலத்துக்கு ஈரமண் தெரிய வட்டம் வட்டமாகக் கிளறியிருக்கும். புழு, கறையான், விதை, உண்ணிப்பழம் அதற்குத் தீனி. மூங்கிலோ குறிஞ்சியினச் செடிகளோ பூத்து விதை கொட்டிய வருடம் ஒரே இடத்தில் நிறையச் சேரும். மயில் நடந்து நடந்து கொத்தும், புழுதியில் காலடி நம் உள்ளங்கை அகலம் இருக்கும். தானியம், தளிர், பூச்சி, ஓணான், சின்னப் பாம்பு எதையும் விடாது.

கடலையையும் விடாது. இதை மறைத்து எழுதுவது நியாயமில்லை. அண்ணன் விதைத்த மூன்றாம் நாள் மயில் வந்து சால் சாலாகக் கொத்திப் போய்விடும். ஒரு வருடம் பாதிக் காட்டுக்கு மறுவிதைப்பு போட்டார். எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒருவர் விஷம் கலந்த தானியம் வைத்து, ஓடையில் ஐந்து மயில் செத்துக் கிடந்ததை நான் பார்த்தேன். அதன் பக்கத்திலேயே மைனாக்களும் ஒரு நாயும் கிடந்தன. மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் சிறை. சட்டத்தை விடுங்கள், கடலைக்காரருக்கு வேறு வழி இருக்கிறது. அண்ணன் விதைத்த அன்றே காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டிவிடுகிறார். முளைத்து இரண்டு இலை விடும் வரை காலையும் மாலையும் ஆள் போட்டு விரட்டுகிறார். முழுதாகத் தடுக்க முடிவதில்லை, ஆனால் மறுவிதைப்பு போடுகிற அளவுக்கு அப்புறம் போகவில்லை. நட்டம் ஆனால் படம் எடுத்து வனத்துறையில் மனுக் கொடுங்கள், எழுத்தில் இருந்தால்தான் கணக்கில் வரும்.

நோட்டுப் புத்தகம்

ஒரே நோட்டில் எதிரெதிர்ப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் மயில், வலது பக்கம் காட்டுக்கோழி. தேதி, நேரம், இடம், வானம் எப்படி, முதலில் கேட்டேனா பார்த்தேனா, எத்தனை, என்ன செய்தது, எவ்வளவு நேரம் தெரிந்தது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். எங்கள் பத்து நாள் கணக்கில் மயிலைப் பார்த்த நேரம் மணிக்கணக்கில் இருந்தது. காட்டுக்கோழி ஒரு தடவைக்கு நாலு நொடி, ஏழு நொடி, ஒரே ஒரு தடவை அரை நிமிடம். எதிரெதிர்ப் பக்கத்தில் அந்த எண்களைப் பார்த்தாலே போதும், யார் வெட்டவெளிக்காரர், யார் புதர்க்காரர் என்று தெரிந்துவிடும். படம் வரையத் தெரிந்தால் வரையுங்கள். அண்ணன் மகள் முதல் பக்கத்தில் முருகனின் வாகனத்தையும் கொடியையும் வரைந்து, கொடிச் சேவலுக்குக் கழுத்தில் புள்ளி வைத்திருந்தாள்.

ஊருக்குத் திரும்புகிற அன்று காலை முதல் பஸ்ஸைப் பிடிக்காமல், கீழே நாலாம் வளைவு வரை அவள் சித்தப்பாவின் வண்டியில் இறங்கினோம். அந்த இடத்தில் காடு மெலிந்து, கீழே தோட்டங்கள் தெரிய ஆரம்பிக்கும். ரோட்டோரத் திண்டில் உட்கார்ந்தோம். 6 மணி 5 நிமிடத்துக்குக் கீழே மாந்தோப்பிலிருந்து மயில் அகவியது. அது அடங்கிக் கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு மேலே, சரிவுக்குள்ளிருந்து, வெட்டி வெட்டி நாலு துண்டாக அந்தக் கூவல் விழுந்தது. அவள் நோட்டை விரித்து மடியில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று என்னைப் பார்த்தாள். அப்புறம் நடுக்கோட்டின் மேலேயே, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து, நேரத்தை எழுதினாள்.